முதல் திரையில் இருந்த பேர்

தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பது என் பழக்கம். வேலையை விட்டவனுக்கு வேறென்ன இருக்கிறது. அன்றும் நின்றேன். அவர் ஒரு கடிதம் கொடுத்தார், வாங்கினேன். அதில் குற்றம் எதுவும் இல்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

முப்பத்துநாலு வருஷம் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டியவன் நான். படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. தண்டு கடைந்தது நான். முதலாளி பேர் போட்ட பித்தளைத் தகட்டை ஒவ்வொரு பம்ப் மேலும் வைத்து இறுக்கியதும் நான்தான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

என் மகன் மாடி அறையில் ஆறு வருஷம் உட்கார்ந்து இன்ஜின் செய்தான். இன்ஜின் என்றால் எனக்குத் தெரியும், தொட்டால் கையில் கறை ஒட்டும். இது கம்ப்யூட்டருக்குள் இருப்பது. விளையாட்டில் வண்டி ஓடவும் பந்து விழுந்து எம்பவும் அடியில் நின்று இழுக்குமாம். அந்த அறைக்குள் போனாலே எனக்குக் குமட்டும். சாத்திய ஜன்னல், பாலாடை படிந்து காய்ந்த டீ டம்ளர், துவைக்காத தலையணை.

அதைவிடக் குமட்டியது இன்னொன்று. அதில் பாதி அவன் செய்ததே இல்லை. பொருள்கள் மோதுவது, விழுவது எல்லாம் வேறு நாட்டில் எவனோ எழுதி வைத்த சாஃப்ட்வேர். அதை நடுவில் வைத்து இவன் சுற்றிலும் கட்டியிருக்கிறான்.

"ஊரான் மென்னு துப்புனத எடுத்து வாயில போட்டுக்கிறியாடா?" என்று கேட்டேன்.

"திருடலப்பா. லைசென்ஸ் இருக்கு. யார் வேணா எடுத்துக்கலாம். ஆனா அத வச்சு நாம கட்டினதையும் ஊருக்குத் திறந்து விட்டுடணும். மூடி வச்சுக்கணும்னா அத எழுதினவர்கிட்ட தனியா கையெழுத்து வாங்கணும்."

"சும்மா போடுவானா?"

"ஒண்ணும் வேணாங்கிறாரு. முதல் திரையில அவர் பேர் இருக்கணுமாம். அது மட்டும்தான்."

மருமகள் சிரித்தாள். "மாமா, உங்க பேரையும் போட்டுடலாமா? மேசைக் கால் ஆடாம வெல்டு வச்சுக் குடுத்தது நீங்கதானே."

கிண்டலையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அது ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும்.

திரையைக் காட்டினான். மேலே அந்த ஆள் பேர், பெரிதாக. அடியில் இவன் பேர், மருமகள் பேர். "இவர் இல்லேன்னா இது இல்லப்பா" என்றான். கண் கலங்கியிருந்தது. பெற்றவன் நான் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

ஒரு பெரிய கம்பெனி அந்த இன்ஜினை எடுத்துக்கொள்ள வந்தது. அவர்கள் எதையும் திறந்துவிட மாட்டார்கள், அதனால் கையெழுத்து வேண்டும். அந்த ஆள் வயசானவன், போனில் சொன்னானாம், போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன் என்று. அந்த ஒரு பேச்சை நம்பி, அனுமதி வாங்கியாயிற்று என்று என் மகன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். நானாக இருந்தால் தாளைக் கையில் பார்க்காமல் எழுதிக் கொடுப்பேனா? மனுஷனை நம்பலாமா?

தாள் என் கையில் இருந்தது.

உறையைப் பிரித்தேன். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அடியில் அச்சடித்திருந்த பேரின் எழுத்துகள் திரையில் பார்த்த அதே வளைவு, அதே கொக்கி. அதற்கு மேலே நடுங்கிய கையெழுத்து. நான் கிழிக்கவில்லை. அடுத்தவன் தாளைக் கிழிப்பது தப்பு. எண்ணெய்த் துணியில் சுற்றி என் டூல் பெட்டியில், அரங்களுக்கு அடியில் வைத்தேன்.

தினமும் படியிறங்கி வந்து கேட்பான். "தபால் ஏதாச்சும் வந்துச்சாப்பா?"

"கரண்ட் பில்லு வந்துச்சு" என்பேன். வந்தது உண்மைதான்.

அடுத்த மாதம் அந்த ஆள் செத்துப்போனான். சில மாதம் கழித்து அவன் தம்பி கிளம்பினான், என் அண்ணன் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று. அதற்குள் அந்த இன்ஜினை வைத்துக் கம்பெனி செய்த விளையாட்டு கடைக்குப் போயிருந்தது. பொய்யாக எழுதிக் கொடுத்து ஏமாற்றினான் என்று கம்பெனி புகார் கொடுத்தது. உங்கள் ஆட்களே வீட்டுக்கு வந்து, அப்படியொரு கடிதம் வந்ததா பெரியவரே என்று கேட்டார்கள். வரவில்லை என்றேன். கோர்ட்டிலும் அதையேதான் சொன்னேன். ஒரே பேச்சு, மாற்றிப் பேசவில்லை. மகனுக்கு மூன்று வருஷம் போட்டார்கள்.

ஜெயிலுக்குப் பார்க்கப் போனேன், சோப்பு வாங்கிக்கொண்டு. கழுத்தெல்லாம் சொறி. சொறிந்துகொண்டே கேட்டான். "யாரும் நம்பலப்பா. நீங்களாச்சும் நம்புறீங்கல்ல?"

"நம்புறேன்டா" என்றேன். அது பொய் இல்லை. அவன் சொல்வது நிஜம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

நேற்று குளியலறைக் குழாய் ஒழுகியது. மருமகள் ஸ்பானர் தேடி என் பெட்டியைத் திறந்தாள். தாளைப் பிரித்தாள், படித்தாள். அழவில்லை, கத்தவில்லை. பத்து வருஷமாக மாமா என்று கூப்பிட்டவள், "பெரியவரே, செருப்பப் போடுங்க" என்றாள். இந்த ஸ்டேஷனுக்கு வருகிறவரைக்கும் எனக்கு நாலடி தள்ளியே நடந்தாள், ஏதோ என்மேல் நாற்றம் அடிப்பதுபோல.

நான் எதையும் மறைக்கவில்லை ஐயா. வந்த கடிதத்தை ஒளித்தேன், வரவில்லை என்று சாட்சி சொன்னேன், உள்ளே போகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை அடுத்தவன் பொருளில் வாழக் கூடாது, அதற்காகத்தான். பேரும் புகழும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

என் வாக்குமூலம் என்று நீங்கள் படித்துக் காட்டியதெல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் மாற்ற வேண்டும். முதல் பக்கத்தில் என் மகன் பேரைப் போட்டு, இன்னாரின் தகப்பன் என்று என்னை அடியில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு மேலே என் பேரைப் போடுங்கள், கொஞ்சம் பெரிதாக. போட்டால்தான் கையெழுத்துப் போடுவேன்.