மேஸ்திரி மோந்து பார்த்த கோட்டு

"சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். நடுக்காட்டுப் பாதை. ஒரே ஒரு ஜீப்பு..."

வெல்டர் இப்படி ஆரம்பித்ததும் பேச்சு அடங்கியது. ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. சஃபாரி முகாமின் சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள அறையில், ஒரே ஒரு விளக்கைச் சுற்றி, முட்டியோடு முட்டி இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்கு நடந்ததா அண்ணே?" என்றாள் பாத்திரம் கழுவுகிறவள்.

"எனக்கு நடந்திருந்தா இங்க உக்காந்து உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருப்பேனா? என்கூடப் பட்டறையில இருந்தவனோட சித்தப்பா மகனுக்கு. நடுவுல பேசாதீங்க."

அந்தச் சித்தப்பா மகன் காட்டில் மிருகங்களின் தடம் பார்க்கிறவன். அந்த வேலைக்கு ஜீப்புக்குள்ளே இடம் கிடையாது. பானெட்டின் இடது ஓரத்தில் ஒரு இரும்பு நாற்காலியை வைத்து முடுக்கியிருப்பார்கள். காலைத் தொங்கப்போட்டு அதில் உட்கார வேண்டும். வெயிலும் தூசியும் முதலில் அவன் முகத்தில்தான் விழும். சிங்கம் வந்தாலும் முதலில் அவனைத்தான் விசாரிக்கும்.

ஸ்டியரிங்கில் இருந்தவன் அவனுடைய தங்கச்சி புருஷன். தங்கச்சியைக் கொடுத்ததும் இவன், முதலாளியிடம் கெஞ்சி வேலை வாங்கிக் கொடுத்ததும் இவன்.

அந்தக் காட்டில் ஒரு கிழட்டுக் கொம்பன் யானை இருந்தது. 'மேஸ்திரி' என்று கூப்பிடுவார்கள். காலையில் ஆள் எண்ணுகிற மேஸ்திரி மாதிரியே ஒவ்வொரு ஜீப்பாக நின்று பார்க்கும். பிடிக்காத வண்டி என்றால் காதை விரிக்கும். அப்புறம் வண்டி பின்னால் போக வேண்டியதுதான். இவன் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு மட்டும் கிட்டே வரும். தும்பிக்கையை நீட்டி இவனுடைய காக்கிக் கோட்டை மோந்து பார்க்கும். கழுத்து, கக்கம், நெஞ்சு. கடைசியில் புஸ்ஸென்று சூடாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போய்விடும். அந்த ஒரு நிமிடத்தைப் படம் பிடிக்கவே விருந்தாளிகள் கடல் கடந்து வந்தார்கள்.

அதற்காகவே இவன் அந்தக் கோட்டைத் துவைக்க மாட்டான். சோப்பு பட்டால் மேஸ்திரிக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பான். "இந்த நாத்தத்தோடயே குடும்பம் நடத்து, எங்க அண்ணிய விட்டுரு" என்று தங்கச்சி திட்டுவாள்.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டான். கோட்டு ஜீப்பிலேயே கிடந்தது.

தேறி வேலைக்கு வந்த அன்று கோட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தது. கறை போய்ப் பளிச்சென்று, சோப்பு வாசனையோடு.

"யார்றா மாப்ள இதத் துவைச்சது?"

"உன் தங்கச்சிதான். கிரீஸ் கொட்டிருச்சு மச்சான்."

"கிரீசுக்கு பெட்ரோல் போட்டுத் தொடச்சா போதாதா?"

"விடு மச்சான். நாலு நாள் வேர்த்தா பழைய நாத்தம் தானா வந்துரும்."

அன்றைக்கு முழுக்க மேஸ்திரியைக் காணவில்லை. குளத்துப் பக்கம் போ என்றால், பாதை சரியில்லை என்று டிரைவர் வேறு பக்கம் ஒடித்தான். விருந்தாளிகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அவர்களை விடுதியில் விட்டுவிட்டு இரண்டு பேரும் திரும்பும்போதுதான் ஆறே முக்கால். வெளிச்சம் இருந்தும் இல்லாத நேரம்.

வளைவைத் தாண்டினால்... பாதைக்குக் குறுக்கே நிற்கிறது.

"மாப்ள, மேஸ்திரி!" இவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எஞ்சின அமத்து."

யானையைக் கண்டால் எஞ்சினை அமர்த்த வேண்டும். அதுதான் வழக்கம். டிரைவர் அமர்த்தவில்லை. ரிவர்ஸ் போட்டான். கியர் கறக்கென்று பல்லைக் கடித்தது. வண்டி ஒரு குதி குதித்துத் தானே நின்றுபோனது.

யானை நடந்தால் காலடி கேட்காது. ஆனால் வயிறு உறுமும். காது விசிறும். ஒரு காய்ந்த குச்சியாவது ஒடியும். இது வந்தது... ஒன்றுமே கேட்கவில்லை.

"அது வராது" என்றான் டிரைவர்.

"என்னடா உளறுற?"

"வராது மச்சான். எப்படி வரும்... மூஞ்சிய வெட்டி எடுக்கிறப்ப நான் பக்கத்துலதான நின்னேன்..."

அப்போதுதான் வாடை வந்தது. வெயிலில் கிடந்த இறைச்சியின் வாடை. தந்தம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருப்புப் பொந்து.

இவன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"உன்னைத்தான் அதுக்குப் பிடிக்காதே. எப்படிடா கிட்ட வந்துச்சு?"

டிரைவர் சாவியைத் திருகினான், எஞ்சின் பிடிக்கவில்லை.

"கோட்டா?"

"நான்தான் போட்டுக்கிட்டேன். உன் நாற்காலியில உக்காந்தேன். தந்தத்துக்காக வந்த துப்பாக்கிக்காரன் பின்னால படுத்திருந்தான்." டிரைவருக்குப் பல் அடித்துக்கொண்டது. "வந்து மோந்து பார்த்துச்சு மச்சான். மூச்சு விட்டுச்சு. அப்பத்தான் காதுல வச்சு..."

"எதுக்குடா?"

"சொந்தமா ஒரு வண்டி வேணாமா? எத்தனை நாள் அடுத்தவன் வண்டியக் கழுவுறது? உன் தங்கச்சியும் ஆசைப்பட்டா."

"அவளுக்குத் தெரியுமா?"

டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

"கிரீசுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளாடா என் தங்கச்சி?"

மாப்பிள்ளை கெட்டவன் என்றால் கூடப் பொறுத்திருப்பான். கூடப் பிறந்தவள் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, கசக்கிப் பிழிந்து, காயப்போட்டு, மடித்தும் கொடுத்திருக்கிறாள். அதைவிட மோசம் இன்னொன்று. சாகும்போது மேஸ்திரியின் மூக்கில் இருந்தது இவன் வாசனை. இவன்தான் கொன்றான் என்று நினைத்துக்கொண்டே அது விழுந்திருக்கிறது.

கோட்டைக் கழற்றி வீசினான். சட்டையையும் கழற்றினான். வெறும் உடம்போடு எழுந்து நின்றான்.

"நான் இல்ல மேஸ்திரி. நான் காய்ச்சல்ல கெடந்தேன். நல்லாப் பாரு... நான் இல்ல."

தும்பிக்கை நீண்டது. கழுத்து. கக்கம். நெஞ்சு. ஈரமும் இல்லை, சூடும் இல்லை. குளிர்ந்த ரப்பர் குழாய் ஊர்வது போல. அந்தச் சூடான மூச்சுக்காக இவன் காத்திருந்தான். அது வந்துவிட்டால் போதும், தன்னை நம்பிவிட்டது என்று அர்த்தம்.

வரவில்லை. மேஸ்திரி மூச்சை உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே... இருந்தது. இவனுக்கு உள்ளே ஏதோ காலியாவது போல இருந்தது. பாத்திரத்தை வழித்து எடுப்பார்களே, அப்படி.

பிறகு நிதானமாக வண்டியைச் சுற்றி டிரைவர் பக்கம் போனது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். தும்பிக்கை அவன் தோளில் தங்கியது.

புஸ்.

"சூடா இருக்கு" என்று அலறினான் டிரைவர். "மச்சான்... சூடா இருக்கு..."

டிரைவர் கண்ணைத் திறந்தபோது பாதையில் ஒன்றும் இல்லை.

வெல்டர் நிறுத்தினார். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"போலீசுல சொல்லலையா?" என்றார் சமையல்காரர்.

"எப்படிச் சொல்லுவான்? தங்கச்சி கையில ரெண்டு பச்சப் புள்ளைங்க. வாய மூடிக்கிட்டான்."

"மாப்ளக்காரனை அந்த ஆனை ஒண்ணும் பண்ணலையா?"

"அவனுக்கென்ன கேடு? இப்ப சொந்தமா மூணு ஜீப்பு. ஆனை, சிங்கம், மான் எல்லாம் அவன் வண்டியத் தேடி வந்து நிக்குதாம். படம் பிடிக்கக் கூட்டம் அலைமோதுது."

"என்னண்ணே அநியாயம் இது?" என்றாள் பாத்திரம் கழுவுகிறவள். "கொன்னவன விட்டுட்டு..."

"மேஸ்திரிகிட்ட நியாயம் கேட்டு ஜெயிச்சவன் யாரும்மா இருக்கான்? அதுக்கு வாசனைதான் கணக்கு. கொன்ன வாசனை இவனோடது, அத உறிஞ்சி எடுத்துருச்சு."

"அப்ப அந்தத் தடம் பார்க்கிறவரு?"

"மறுநாள் வேலைக்குப் போயிருக்கான். இவன் நாற்காலியில உக்காந்தா, கண்ணுக்கெட்டின தூரத்துல ஒரு குருவிகூட இல்ல. காடே காலி. ஒரு மாசம் பார்த்துட்டு முதலாளி வெளிய அனுப்பிட்டாரு. வீட்டுல வளர்த்த நாய் இவனப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடுச்சாம். அப்புறம் வரவே இல்லையாம்."

வெல்டர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப டவுன்ல மூட்டை தூக்குறான். போன மழைக்குப் பார்த்துட்டு வரலாம்னு போனேன். சாக்கடை ஓரமா ஒரு ரூம்பு. ராத்திரி என்னால படுக்க முடியல. அப்பிடிக் கொசு... கை, காது, கண்ணு இமை, ஒரு இடம் பாக்கி இல்ல. அவன் பக்கத்துலதான் கெடந்தான். மேல சட்டை இல்ல. நல்லாத் தூங்கறான். விடியற வரைக்கும் டார்ச் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன்..."

"அவன் மேல ஒண்ணுகூட உக்காரல."