கல்லை மாற்றி வைக்காத தொட்டி

டாம்சல் மீன் வளர்ப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை சார். போட்டதைத் தின்னும், லேசில் சாகாது. துபாய்ப் பக்கம் புஜைராவில், கம்பெனி கொடுத்த எங்கள் கேம்ப் ரூமில், ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் ஒன்று வைத்திருக்கிறேன். கட்டைவிரல் நீளம்தான். உடம்பு பளீரென்ற நீலம், வால் மட்டும் மஞ்சள். பார்த்தால் பரம சாது.

பவளப்பாறையில் உள்ளங்கை அகல இடம் பிடித்துவிட்டால் அதற்கு அதுதான் சொந்த வீடு. பெண் முட்டையிட்டுப் போனபின் ஆண்தான் காவல். முட்டைகளைத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பசித்தால் அதிலேயே கொஞ்சம் தின்றும்விடும், அது வேறு விஷயம். எவ்வளவு பெரிய மீன் வந்தாலும் துரத்தும். தொட்டி கழுவப் போன என் விரலையே கடித்திருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. அதன் நியாயம் எனக்குப் புரிந்தது.

எண்ணெய் டேங்க் கழுவும் சைட்டில், டேங்கின் வாசலில் நிற்பது என் டூட்டி. உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து நான் சொன்ன பிறகுதான் யாரும் போகலாம். வாசலருகே என் நாற்காலி. ஒருநாள் மேனேஜர் சிவசங்கரன், ஐயப்பன் என்ற புதுப் பையனைக் கூட்டிவந்து, "அடுத்த வாரத்துலேர்ந்து இவர் வாசல்ல நிக்கட்டும். நீங்க ஸ்டோருக்குப் போயிடுங்க" என்றார். ஐயப்பன் சிரித்த முகம். என் நாற்காலியில் உட்கார்ந்தான். என் ரூமிலேயே அவனுக்குக் கட்டிலும் கொடுத்தார்கள்.

என்னைச் சமாதானப்படுத்த இன்னொரு டாம்சல் வாங்கிவந்து தொட்டியில் விட்டான். டூட்டி முடிந்து வந்தபோது அது வாலில்லாமல் மிதந்தது.

"என்னண்ணே இது, இத்தனூண்டு இருந்துக்கிட்டு இந்த அக்கிரமம் பண்ணுது?"

"கல்லை மாத்தி வைக்காம விட்டுட்டியேப்பா."

மீன் வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். புதுசை விடுமுன் உள்ளேயிருக்கும் கற்களை இடம் மாற்ற வேண்டும். தன் இடம் எதுவென்று பழசுக்குக் குழம்பிவிடும், சண்டை வராது. கம்பெனி எனக்காக எதையும் மாற்றவில்லை. அதே வாசல், அதே நாற்காலி.

வாசலில் எனக்கு அது கடைசி நாள். டேங்கின் அடியில் எண்ணெய்க் கசடு எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்க்க அன்று முதலில் உள்ளே போக வேண்டியவன் ஐயப்பன். அவன் வருவதற்கு முன்பே மீட்டரை உள்ளே நீட்டிப் பார்த்தேன். கத்தியது. வெளியே எடுத்ததும் அடங்கியது.

"காஸ் பாத்தாச்சாண்ணே?"

"பாத்தாச்சுப்பா. போ."

நான் பொய் சொல்லவில்லை சார். எவ்வளவு இருக்கிறதென்று அவன் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அவன் விழுந்த சத்தம் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நாலு பேர் காப்பாற்ற ஓடி, அவர்களும் செத்திருப்பார்கள். அந்த நாலு உயிரைக் காப்பாற்றியது யாரென்று நீங்கள் யாரும் கேட்கவே இல்லை.

ஐயப்பன் தங்கமான பையன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வேறு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.