நூத்துக்கு ரெண்டு

நவ்யா: அசையாதீங்கண்ணா... கையத் தொங்க விடுங்க.

அபிலாஷ்: தொங்கத்தான் விட்டிருக்கேன். மணிக்கட்டக் காணோம் பாரு.

நவ்யா: இருங்க, கழுத்துப்பட்டி... ஐயோ, விரல் நுழையுது!

அபிலாஷ்: நல்லதுதானே அம்மணி? மூச்சு விடலாம்.

நவ்யா: போட்டோவுல நம்ம கொள்ளுத்தாத்தா கழுத்துல காத்துகூட நுழையாதுங்க. தொண்ணூறு வருசத்துக்கு முந்தி மில்லுக்குப் போட்டுட்டுப் போன கோட்டு. நாடகம் போடற சாயிராக்கா அது அப்படியே வேணும்னு சொல்லியிருக்காங்க.

அபிலாஷ்: அவங்க பதினொரு மணிக்குத்தானே வாராங்க? இப்ப எட்டே முக்கால்.

நவ்யா: இருபத்திரண்டு உடுப்புங்கண்ணா! இந்த ஒரு கோட்டப் பாத்துத்தான் எனக்குத் தரலாமா வேண்டாமான்னு சொல்லுவாங்க. இதுவரைக்கும் நான் யாருக்குத் தெச்சிருக்கேன்? உங்களுக்குச் சட்டை, உங்க பொண்ணுக்கு ஃபிராக்கு, அம்மாவுக்கு அந்தக் காலத்து பஃப் கை ஜாக்கெட்டு...

அபிலாஷ்: அதப் போட்டுட்டுத்தான் பால் வாங்கப் போயிருக்காங்க. ஃபிரிட்ஜுல ரெண்டு பாக்கெட் இருக்கு.

நவ்யா: சிரிக்க வெக்காதீங்க... என் போன் எங்கீங்க?

அபிலாஷ்: எதுக்கு?

நவ்யா: சும்மா... மணி பாக்க.

அபிலாஷ்: மணிதான் சொன்னேனே. 'வராதீங்க'ன்னு மெசேஜ் போடவா?

நவ்யா: இப்படி ஒரு கோட்ட எப்படீங்க காட்டறது?

அபிலாஷ்: டேப்ப எடு கண்ணு. அளந்து பாரு.

நவ்யா: கை, இருபத்தஞ்சுக்கு வெட்டுனேன்... இருபத்தஞ்சரை வருது. நீளம் நாப்பது... நாப்பதே முக்காலுக்கும் மேல!

அபிலாஷ்: சரி, கொஞ்சம் உள்ள புடிச்சுத் தெச்சா...

நவ்யா: இருங்க இருங்க! இருபத்தஞ்சுக்கு அரை. நாப்பதுக்கு முக்காலும் சொச்சமும். ரெண்டும் நூத்துக்கு ரெண்டுங்கண்ணா! என் கை தப்பு பண்ணியிருந்தா ஒரு எடத்துல பண்ணியிருக்கும். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கூடியிருந்தா... ஸ்கேல்! ஸ்கேல்லதான் தப்பு!

அபிலாஷ்: பிசிக்ஸ் படிச்சது வீண் போகல.

நவ்யா: ஸ்கேலுக்குப் பின்பக்கம் ஏதோ எழுத்து வெட்டியிருக்கு... 'ஸ்டீல்'... அண்ணா! இது உங்க பேட்டர்ன் ஸ்கேலு!

அபிலாஷ்: காட்டு... ஆமா. பம்பு வார்ப்புக்கு நாங்க மரத்துல அச்சு செய்யறது இதுலதான். எஃகு ஆறும்போது சுருங்குமில்ல, அதனால இதுல ஒவ்வொரு இஞ்சும் கொஞ்சம் நீளம்.

நவ்யா: பம்புக்கு அளக்கற ஸ்கேல்ல உங்களுக்குக் கோட்டு வெட்டியிருக்கேன்!

அபிலாஷ்: போன ஞாயித்துக்கெழம மேசையத் தொடச்சப்ப மாறியிருக்கும். பாக்க ரெண்டும் ஒண்ணுதான்.

நவ்யா: அப்ப என் ஸ்கேல் உங்க ஒர்க்‌ஷாப்புல இருக்கா? நீங்க செஞ்ச பேட்டர்ன்... உங்க போன் அடிக்குதுங்க.

அபிலாஷ்: பக்கத்து ஒர்க்‌ஷாப் ராசப்பண்ணன். அப்புறம் பேசிக்கறேன். இந்தத் துணி எங்க வாங்குனே?

நவ்யா: கருமத்தம்பட்டியில. தறியில இருந்து நேரா.

அபிலாஷ்: ஊற வெச்சு வெட்டுனியா?

நவ்யா: ஆசை தாங்கலீங்கண்ணா. கொண்டாந்த அன்னிக்கே வெட்டிப்போட்டேன்.

அபிலாஷ்: அப்ப கொதிக்கற தண்ணியில போடு.

நவ்யா: கோட்டையா? எவ்வளவு சுருங்கும்னு தெரியாமயா? மொதல்ல துண்டுத் துணி. பத்து இஞ்சுக்குக் கோடு போடறேன்... தண்ணி சுட வெக்கணுமே.

அபிலாஷ்: சுடத்தான் இருக்கு. எட்டு மணிக்கே வெச்சுட்டேன்.

நவ்யா: எதுக்கு?

அபிலாஷ்: டீக்கு.

நவ்யா: இஸ்திரிப்பொட்டியக் குடுங்க... காயட்டும்... டேப்பப் புடிங்க! ஒன்பதே முக்காலுக்குக் கொஞ்சூண்டு மேல. நூத்துக்கு ரெண்டு! ஐயோ, அதே நூத்துக்கு ரெண்டுங்கண்ணா!

அபிலாஷ்: அகலம்?

நவ்யா: அது கொஞ்சம் கம்மியா சுருங்கியிருக்கு.

அபிலாஷ்: இருக்கட்டும். மத்தியானம் சோறு திங்க எடம் வேணும்.

நவ்யா: கழட்டுங்க, கழட்டுங்க! பட்டன் பத்திரம்! பெரிய அண்டாவ எறக்குங்க... மெசின்ல சுத்த விட்டு எடுத்துத் தேச்சா பத்தரைக்குள்ள காஞ்சிரும்!

அபிலாஷ்: ...மறுபடியும் உள்ள நொழையணுமா? இன்னும் சுடுதே.

நவ்யா: மணி பத்தே முக்காலுங்க, ஆற வெக்க நேரமில்ல. நொழைங்க. கை... மணிக்கட்டோட நிக்குது. பட்டனப் போடறேன்... விரல் நுழையல!

அபிலாஷ்: மூச்சும்... நுழையல...

நவ்யா: அப்படியே நில்லுங்க கொள்ளுத்தாத்தா!

அபிலாஷ்: பெல் அடிக்குது. போய்த் தொற.

நவ்யா: நீங்க போங்க. எனக்குப் பேச வராது.

அபிலாஷ்: நான் போட்டோவுல இருக்கேன். அசையக் கூடாது.

நவ்யா: ...வாங்க. வாங்கக்கா.

சாயிரா பானு: நவ்யாங்களா? தெருமுனையில ஒரு அம்மா, பஃப் கை ஜாக்கெட்டு... நீங்க தெச்சதா?

நவ்யா: ஆமாங்க. எங்கம்மா.

சாயிரா பானு: வழி கேட்டா, முதுகத் திருப்பித் தையலக் காட்டிட்டுத்தான் சொன்னாங்க. ம்... கோட்டு இதுவா? திரும்புங்க தம்பி. கழுத்துப்பட்டி கச்சிதம். கையும் அளவா நிக்குது. துணிய ஊற வெச்சு வெட்டுனீங்களா?

நவ்யா: இல்லீங்க... தெச்சதுக்கப்புறம் ஊற வெச்சேன். அளவு நூத்துக்கு ரெண்டு கூட இருந்துச்சு.

சாயிரா பானு: முன்னாடியே கணக்குப் போட்டா?

நவ்யா: இல்லீங்கக்கா. ஸ்கேல் மாறிப்போச்சு. இன்னிக்குக் காலையிலதான் கணக்கே புரிஞ்சது. அடுத்த கோட்டுக்கு மொதல்லயே ஊற வெச்சுருவேன்.

சாயிரா பானு: அடுத்த கோட்டா! நான் தரேன்னே இன்னும் சொல்லலியே?

நவ்யா: ஐயோ, வாய் தவறி வந்துருச்சுங்கக்கா.

சாயிரா பானு: அட, சிரிங்கம்மா. மீதி இருபத்தியொண்ணுக்கும் அளவு அனுப்பறேன். தம்பி, நீங்களும் மூச்சு விடுங்க. வரட்டுமா?

நவ்யா: ...போயிட்டாங்க. அண்ணா, நான் பேசுனேன்! இருபத்தியொண்ணு! என் போனக் குடுங்க, அம்மாவுக்குச் சொல்லணும்!

அபிலாஷ்: அரிசி டப்பாக்குள்ள இருக்கு.

நவ்யா: அரிசி டப்பாவா? எப்ப வெச்சீங்க?

அபிலாஷ்: நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி.

நவ்யா: ஸ்கேல் மாறுனது எட்டே முக்காலுக்குத்தானே தெரிஞ்சது... சுடுதண்ணி வேற எட்டு மணிக்கே... அண்ணா. மறுபடியும் போன் அடிக்குது. அந்த ராசப்பண்ணனுக்கு என்னதான் வேணுமாம்?

அபிலாஷ்: அவரோட ஸ்கேல். செவ்வாக்கெழமையே என் பேட்டர்ன் சின்னதாப் போச்சுன்னு திரும்பி வந்துருச்சு அம்மணி. அதுக்குள்ள நீ கோட்ட வெட்டிப்போட்டே. உன் மேசையில இருந்து ஸ்கேல எடுத்தா கண்டுபுடிச்சு, அந்த அக்காவ வர வேண்டாம்னு சொல்லிப்போடுவியேன்னு... ஒரு துண்டுத் துணிய மட்டும் திருடிட்டுப் போய் ஒர்க்‌ஷாப்புல கொதிக்க வெச்சு, நூத்துக்கு ரெண்டு சுருங்குதான்னு பாத்துட்டு, அவர்கிட்ட ஸ்கேல் கடன் வாங்கிட்டேன்.