மீட்டர் வைக்காத நாள்

ஹைபிரிட் காரின் பின்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும் சார். அதில் தூசி அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகிவிடும். உங்கள் வீட்டிலும் ஹைபிரிட் வண்டிதான் என்று வெளியில் ஏட்டு சொன்னார். மாதம் ஒரு தடவை துடைக்கச் சொல்லுங்கள். எங்களிடம் வரும் வண்டிகளில் பாதி, அந்தத் துளையைக் கவனிக்காமல் கெட்டுப்போனவைதான்.

என் பெயர் செல்வகுமார். நான் வந்தது கங்காதரன் விஷயமாக. நானும் அவனும் அம்பத்தூர் எஸ்டேட்டில் சேர்ந்து ஒர்க்‌ஷாப் போட்டுப் பதினோரு வருஷம். போன மாதம் அவன் ஷாக் அடித்துச் செத்ததை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய கவனக்குறைவு என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு கவனமான ஆளை ஆவடி வரைக்கும் தேடினாலும் பார்க்க முடியாது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட் பேட்டரி ஒரே பேட்டரி இல்லை. மாட்யூல் என்கிற இருபத்தெட்டு சின்னப் பேட்டரிகளை வரிசையாக வைத்துச் செம்புப் பட்டையால் கோத்திருப்பார்கள். ஒன்றிரண்டு வீங்கிக் கெட்டுப்போனால் அவற்றை மட்டும் கழற்றி மாற்றலாம். அதற்கு முன்னால் ஆரஞ்சு நிறப் பிளக் ஒன்றை உருவ வேண்டும். உருவினால் வரிசை நடுவில் அறுந்துவிடும். உருவாமல் இரண்டு முனையிலும் கை வைத்தால் இருநூறு வோல்ட். பிளக்கை உருவுவது என் வேலை. அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாட்யூலைக் கழற்றுவது அவன் வேலை. இடையில், கரண்ட் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்ப்பான்.

பதினோரு வருஷமும் பார்த்தான் சார். நானே உருவி அவன் கையில் கொடுத்த பிறகும் பார்ப்பான். அது பாதுகாப்பு என்பீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒருவன் தினமும் உங்கள் கண்ணெதிரிலேயே உங்கள் வார்த்தையைச் சோதித்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

சித்திரையில் முத்தாபுதுப்பேட்டையில் அவன் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பந்தியில் யாரோ எங்கள் கூட்டைப் பற்றிக் கேட்டார்கள். "செல்வகுமார கண்ண மூடிகினு நம்புவேன்பா, மீட்டரு மட்டும் ஓகே சொல்லணும்" என்றான். பந்தியே சிரித்தது. என் மனைவி சுரேகாவும் சிரித்தாள். நான் கடித்த வடையை இலையிலேயே வைத்துவிட்டேன். அந்த வாரமே காயலாங்கடையில் உடைக்க வந்த ஒரு வண்டியிலிருந்து அதே மாதிரிப் பிளக் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது முடிவு செய்யவில்லை.

ஜூனில் திருவேற்காட்டிலிருந்து வர்ஷா என்று ஒரு பெண் வண்டி கொண்டுவந்தார். ஐ.டி.யில் வேலை பார்ப்பவர். நான் பிளக்கை உருவினேன், கங்காதரன் மீட்டரை எடுத்தான். "அவர்தான் எடுத்துட்டாரே, அப்புறம் ஏன் செக் பண்றீங்க?" என்று அவர் கேட்டார்.

"மன்சன்தானே மேடம், மறந்துருவான்."

நான் ஒரு நாளும் மறந்ததில்லை சார். அன்றிலிருந்து நான்கு நாள் அவனோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் அதே மாடலில் இன்னொரு வண்டி வந்தது. அதன் பிளக்கை நான் தொடவே இல்லை. குனிந்து எழுந்து, காயலாங்கடைப் பிளக்கை அவன் கையில் கொடுத்தேன். ஒரு சோதனை, அவ்வளவுதான். மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும், கத்துவான், அத்தோடு பிரிந்துவிடலாம். வைக்காவிட்டால் என்னை நம்புகிறான் என்று அர்த்தம். வைப்பான் என்றுதான் நினைத்தேன்.

பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு மீட்டரை எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு மீட்டரை டிராயரில் போட்டு மூடினான்.

"இன்னா மச்சான், இன்னும் கோவமா கீறியா? இன்னிக்கு மீட்டர் வேணாம். நீ எடுத்துட்டல்ல, எனக்கு அது போதும்."

நட்டுகள் சின்னவை என்பதால் ரப்பர் கையுறையையும் கழற்றினான். வெயிலில் கையெல்லாம் வியர்வை. மேல்மூடியைத் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை பேசிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சுரேகாவைக் கூட்டிகினு ஊட்டுக்கு வா என்றான். வருகிறேன் என்றேன். பிறகு இரண்டு முனையிலும் கை வைத்தான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும் முன்னால் அவன் பையிலிருந்த பிளக்கை எடுத்துக்கொண்டேன். அதனால்தான், பிளக்கையே உருவாமல் வேலை செய்தான் என்று உங்களுக்குத் தோன்றியது.

நிறுத்து என்று சொல்ல ஐந்து நிமிடம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் என்னை முழுசாக நம்பினான் சார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.