அவரு எழுதப்போற பரிச்ச

இல்ல சார், பரிச்ச எனக்கில்ல, எங்க வூட்டுக்காரருக்கு. கலீல் ரஹ்மான். சவூதியில, தம்மாம்ல இருக்காரு, ஒரு கம்பெனியில நெட்வொர்க் வேல. உங்ககிட்ட படிச்சாரா? அவரு எங்க சார் படிச்சாரு. நான்தான் கல்யாணத்துக்கு முன்னாடி இதே மாடியில, இந்த கம்ப்யூட்டர் சென்டர்ல படிச்சேன். அப்ப வேற சாரு இருந்தாங்க. என் பேரு முபீனா. வெளிய பெஞ்சுல இருக்கறது எங்க மாமி, அவரப் பெத்தவங்க. கொஞ்சம் மெதுவா பேசுங்க.

கேபிளு இழுக்கற வேலைக்கித்தான் சார் போனாரு. சிசிஎன்ஏன்னு நெட்வொர்க் பரிச்ச இருக்குல்ல, அத பாஸ் பண்ணா மேல ஏத்துறோம்னாங்க. புஸ்தகத்தத் தொறந்தாலே இவருக்குத் தூக்கம் வந்துடும். சரின்னு நானே படிச்சு, கேள்வியும் பதிலுமா எழுதி மெயில்ல அனுப்புனேன். மனப்பாடம் பண்ணி பாஸாயிட்டாரு. தெருவுக்கே மிட்டாயி குடுத்தோம். இப்பவும் அங்க ரவுட்டரு மக்கர் பண்ணா எனக்குத்தான் போனு. சிரிக்காதீங்க சார், ஒலையில அரிசியப் போட்டுக்கிட்டே கமாண்டு சொல்லியிருக்கேன்.

பாஸ் பண்ணி மூணு வருசம் ஆவுது. நடுவுல ஒரே தடவ, முப்பது நாளு வந்தாரு. மக கிட்டயே போவல. இவரு இல்ல, எங்க அத்தா போன்ல இருக்காங்கன்னு ஒரே அழுவ. அவரு மொகத்த என்னால பாக்க முடியல சார்.

அந்த சர்டிபிகேட்டு மூணு வருசந்தான் செல்லுமாம்ல. மார்ச்சுக்குள்ள அதவிடப் பெரிசா ஒண்ணு பாஸாவணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்களாம். பாஸானா இன்னும் மூணு வருசம் காண்ட்ராக்டு. ஆவலன்னா டிக்கெட்டு போட்டு அனுப்பிச்சிடுவாங்க. எத எழுதறதுன்னு நீயே பாத்துச் சொல்லு முபீனா, நீ நோட்ஸு குடுத்தா நான் எதுவும் பாஸாயிடுவேன்றாரு.

சிசிஎன்பியா? அடுத்த படி அதுதானே, அதத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். வேணாம் சார். அது பேப்பரு பேப்பரா எழுதறது, என் நோட்ஸ வச்சே தாண்டிடுவாரு. அதுக்கும் மேல சிசிஐஇன்னு ஒண்ணு இருக்குதே. எட்டு மணி நேரம் லேபுல தனியா ஒக்காந்து கையால பண்ணணும், மனப்பாடம் எடுபடாது, போனும் கெடையாது. சிசிஎன்பி முடிக்காமலே நேரா அதுக்குப் போலாம்ல?

ஆமா சார், முக்காவாசிப் பேரு கோட்ட வுடறதுதான். அதப் பத்தி நல்லா படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். நோட்ஸு எழுத மாட்டேன்னு சொல்லலாம்தான். சொன்னா மாமி வூட்டுல என்ன வச்சிருப்பாங்களா? புருசன் பொழப்பக் கெடுத்தவளாம்னு ஊரே பேசும். அதனால நீங்க ஒரு வார்த்த, அந்தப் பெரிய பரிச்சதான் அவருக்கு நல்லதுன்னு மாமிகிட்ட சொல்லுங்க. சாரு சொன்னா நம்புவாங்க.

எதுக்கா? அவரு ஃபெயிலானாத்தான் சார் வூட்டுக்கு வருவாரு.