பாடை நின்ன முக்கு

பஸ்ஸுல ஏறி, "பாடை நின்ன முக்கு ஒண்ணு"ன்னு டிக்கெட் கேக்கீங்கல்லா? அந்தப் பேரு வந்த கதையைச் சொல்லுதேன். தலையை ஆட்டாம இருங்க, கத்தி கழுத்துல இருக்கு.

அந்தக் காலத்துல இந்தப் பனையடியூர்ல மாசானம்னு ஒரு சவரத் தொழிலாளி இருந்தாராம். எங்க பங்காளிதான், சொல்லவே வாய் கசக்கு. அப்பல்லாம் பண்ணையார் வீட்டுக் கொல்லைக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும். சாணிக்கும் சகதிக்கும் நடுவுல நின்னு சவரம் பண்ணணும். தலை நரைச்சவனையும் "ஏல"ன்னுதான் கூப்பிடுவாவளாம்.

மாசானம் பொறுத்தாரா? பொறுக்கலை. தொழிலாளியளைக் கூட்டினாரு, சங்கம் வச்சாரு, இந்த முக்குல ஒரு சவரக் கடையும் போட்டாரு. அவருக்கு வலது கை எங்க பாட்டையா சொள்ளமுத்து. எல்லாரும் கத்தியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாவளாம். "இனிமே கத்தி எவன் வீட்டுக்கும் போகாது. மாப்பிள்ளையா இருந்தாலும் சரி, பொணமா இருந்தாலும் சரி, கடைக்கு வரட்டும்!"ன்னாராம் மாசானம்.

பண்ணையார் ஆள் வச்சு அடிச்சுப் பாத்தாரு, குடிசையைக் கொளுத்திப் பாத்தாரு. எங்க பாட்டையாவுக்கு ஒரு காலு போச்சு. சங்கம் அசையலை. கடைசியில தாடியும் தானுமா பண்ணையாரே கடைக்கு வந்து உக்காந்தாராம். ஊரே கூடி நின்னு பாத்துச்சாம்.

மாசானம் சங்கத் தலைவரானாரு. தலைவரு எம்.எல்.ஏ. ஆனாரு. காரு வந்துச்சு, மச்சு வீடு வந்துச்சு. கத்தி புடிச்ச கையில மோதிரம் ஏறிச்சு.

ஒருநா ஆள் வந்தான். "ஐயா கூப்பிடுதாவ." பழைய சிநேகிதம், காப்பி குடிக்கக் கூப்பிடுதாருன்னு பாட்டையா நொண்டி நொண்டிப் போனாராம். "முன்வாசல்ல கட்சிக்காரங்க இருக்காவ, கொல்லை வழியா வாரும்"ன்னானாம். போய்ப் பாத்தா, துண்டைப் போத்திக்கிட்டு நாற்காலியில இருக்காரு மாசானம்.

"ஏல சொள்ளமுத்து, சீக்கிரம் சவரம் பண்ணு. கூட்டத்துக்குப் போகணும்."

"அண்ணே, நம்ம சத்தியம்?"

"அது பண்ணையாருக்குப் போட்ட சத்தியம்ல. எனக்குமா?"

பாட்டையா வந்த வழியே திரும்பி வந்துட்டாராம். மறுவாரமே பாட்டையா இருந்த கடை புறம்போக்குல இருக்குன்னு இடிச்சுட்டாவ. அவரு விடலை, இந்த வேப்பமரத்தடியில நாற்காலியைப் போட்டுத் தொழில் பண்ணினாராம். ஏறின ஏணியை எட்டி உதைக்கதுன்னா இதான், பாத்துக்கிடுங்க.

காலம் போச்சு, மாசானம் செத்தாரு. கடைசிச் சவரத்துக்கு மகன்காரன் ஓடி வந்தான். "சித்தப்பா, வீட்டுக்கு வாங்க."

"கடைக்குக் கொண்டாங்க"ன்னாராம் பாட்டையா.

அவன் சுத்துப்பட்டு ஊரெல்லாம் கூப்பிட்டுப் பாத்தான். ஒரு கத்தி வரலை. உச்சி வெயில்ல கட்சிக்கொடி போத்தின பாடையைத் தூக்கிட்டு வந்து இந்த முக்குல இறக்கினாவளாம். பாட்டையா அழலையாம். ஒரு கீறல் விழாம மழிச்சாராம். மழிச்சு முடிச்சு, காதுகிட்டக் குனிஞ்சு, "அண்ணே, நம்ம சங்கம் ஜெயிச்சிட்டு"ன்னாராம்.

அன்னையிலேருந்து இந்த ஊர்ல எந்தப் பாடையும் இங்க நின்னுதான் போகும். கட்சிக்காரன் 'மாசானம் சந்திப்பு'ன்னு போர்டு வச்சிருக்கான். எந்தக் கண்டக்டராவது அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

நாடியை நிமித்துங்க, தாடைக்கடியில இன்னும் மழிக்கணும்.