இன்டரிம்னா எத்தன நாளு?

— பார்த்துப் பண்ணு ஷர்மினி, கோர்ட்டு ஆர்டரு, சீலு கசங்கிடப் போவுது. லேமினேட் பண்ணி கோயில்ல மாட்டணும்லா.

— இருங்க அர்ச்சுனன் மாமா, மெஷின் இன்னும் சூடாகல. இத யாராச்சும் உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?

— எதுக்கு? தோட்டத்து லயத்துல வரிசையா இருக்கிற பதினெட்டு வீட்டையும், எடத்த வாங்குன கம்பெனிக்காரன் ஒடைக்கக்கூடாது, அதானே? புந்தோங் ஊரு பூரா தெரிஞ்ச கதையாச்சே.

— மேல 'இன்டரிம்'னு போட்டிருக்கு மாமா.

— தெரியும்லா! லாயரு சொன்னாரு. மலாய்ல செமெந்தாரா. தற்காலிகம்.

— தெரிஞ்சுமா சிரிக்கிறீங்க?

— பின்ன அழுவாங்களா? தோட்டத்த வித்தப்ப மானேஜர் என்ன சொன்னான்? "லயம் செமெந்தாராதான், ஆறு மாசத்துல புது வீடு"ன்னான். முப்பத்திரண்டு வருசமாச்சு. எம்புள்ளைங்க மூணும் அந்த செமெந்தாராவுலதான் பொறந்துச்சு. தண்ணிக் கொழா செமெந்தாரா, கரண்டு செமெந்தாரா. எதாச்சும் மாறிச்சா? அந்த வார்த்த வந்தாலே நமக்கு ஆயுசு கெட்டிம்மா.

— ஐயோ மாமா, அது மானேஜர் வாயில வர்ற வார்த்த. கோர்ட்டு பேப்பர்ல தேதி போட்டிருக்கு. இந்த மாசம் பன்னெண்டாந் தேதி வரைக்கும்தான் தடை.

— அதுக்கப்புறம்?

— அன்னிக்கே போயி நீட்டிக் கேக்கணும். லாயரு கூப்பிடலயா?

— கூப்பிட்டாரு... கையெழுத்து போட வாங்கன்னு, மூணு தடவ. என்னா அவசரம்னு நான்தான் போவல. இன்னிக்கு என்ன தேதி?

— பதிமூணு.

— வெளையாடாதம்மா.

— மாமா, காலைல வேலைக்கு வரும்போது செமோர் சந்தியில பாத்தேன். நாலு லோரி, ஒரு மண்வாரி மெஷினு. எல்லாம் உங்க தோட்டப் பக்கம்தான் திரும்புச்சு.

— ரோடு போட வந்திருப்பானுங்க... ரோடுதான்... இல்லியா?

— லயத்துல இப்ப யாரு இருக்கா?

— எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. எம்பொஞ்சாதி செல்லாயி மட்டுந்தான். எவன் பேப்பரு நீட்டினாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாதும்மா. இரு, அவளேதான் கூப்பிடுறா. இந்தா, நீயே ஸ்பீக்கர்ல போடு. செல்லாயி! அங்க என்னா சத்தம்?

— கேட்டா துள்ளிக் குதிப்பீங்க! கூர ஒழுவுதுன்னு மனு மேல மனு குடுத்தீங்கள்ல, ஆளு வந்தாச்சு!

— யாரு? கதவத் தொறக்காத செல்லாயி!

— எப்பவோ தொறந்தாச்சு. பத்துப் பேருக்கும் கோப்பி கலக்கிக் குடுத்தேன். என்னா சுறுசுறுப்புங்கிறீங்க! நம்ம தகரத்த பூரா பிரிச்சு லோரில ஏத்திட்டானுங்க.

— அடிப்பாவி, அவனுங்க கூர மாத்த வரலடி! மத்த வீடெல்லாம் பூட்டித்தானே இருக்கு?

— பூட்டியிருந்தா என்னங்க, வேலைக்குப் போறவங்க எல்லாரும் நம்மகிட்டதானே சாவி வச்சிட்டுப் போறாங்க? பதினேழையும் நானே எடுத்துக் குடுத்துட்டேன்.